ஒளிரும் கிருமிக்கு உயிர் இருக்கிறதா?

காசநோய்க்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவரின் சளியில் இரண்டு மாதம் கழித்தும் கிருமி தெரிந்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமா? வீட்டார் பதறிப்போய்க் கேட்கும் இந்தக் கேள்விக்கு நுண்ணோக்கியால் மட்டும் பதில் சொல்ல முடியாது. ஆரமைன் சாயம் கிருமியின் மெழுகுச் சுவரில் ஒட்டிக்கொண்டு மஞ்சளாக ஒளிரும். கிருமி செத்திருந்தாலும் ஒளிரும். உயிரை உறுதிசெய்ய வளர்த்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை பிளவுபடவே ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் கிருமி இது என்பதால், முட்டை கலந்த ஊடகத்தில் எட்டு வாரம்கூட ஆகலாம்.   

2012-ல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழி காட்டினார்கள்: ஒளிரும் அமினோ அமிலம். நம் புரதங்கள் எல்-வகை அமினோ அமிலங்களால் ஆனவை. பாக்டீரியாவின் சுவருக்கோ அவற்றின் கண்ணாடிப் பிம்பமான டி-வகையும் தேவை. அப்படியொரு டி-வகை அமினோ அமிலத்தின் பக்கக்கிளையில் நீலமாக ஒளிரும் கூமரினைப் பிணைத்தார்கள். மதில் எழுப்பும் கொத்தனாரிடம் முதுகில் விளக்கு பொருத்திய செங்கல்லை நீட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கலவையில் பதியும் முகம் சரியாக இருந்தால் அவர் வாங்கி வைத்துவிடுவார். முதுகைப் பார்க்க மாட்டார். கிருமியின் நொதியும் அப்படித்தான், சுவரிலுள்ள அமினோ அமிலச் சங்கிலியின் நுனியில் இருக்கும் டி-அலனைனைக் கழற்றிவிட்டு ஒளிரும் அமிலத்தை அங்கே மாட்டுகிறது. இந்த வேலை உட்சவ்வுக்கு வெளியே நடப்பதால், அந்த அமிலம் சவ்வைத் தாண்டி உள்ளே போக வேண்டியதில்லை. வேலை நிற்கும் மதிலில் விளக்கு ஏறாது. ஆரமைனோ ஆளில்லாத வீட்டுக்கும் அடிக்கிற சுண்ணாம்பு. சுவர் வேலை நடக்கும் இடத்தில் விளக்கு ஏறுவதால்தான் காசநோய்க் கிருமியின் குடும்பத்தில் இந்த ஒளி பெரும்பாலும் கோல் வடிவக் கிருமியின் இரு முனைகளில் தெரிகிறது: அவை வளர்வது அங்கேதான்.

ஒளிரும் புரதத்தை மரபணுவில் சேர்த்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஜெல்லிமீனிலிருந்து வந்த அந்தப் பச்சைப் புரதத்துக்கு 238 அமினோ அமிலங்கள். தவிர, நோயாளியின் சளியில் இருக்கும் கிருமிக்கு மரபணு புகுத்திக்கொண்டிருக்க முடியாது. இங்கே ஒரு சிறு மூலக்கூறைக் கலந்தால் போதும்.

இதை வைத்து ‘உயிருள்ள கிருமியை உடனே காட்டும் சோதனை’ என்று யாராவது அறிவித்தால் நம்பிவிடக் கூடாது. நொதி பழைய சுவரைப் பழுதுபார்த்தாலும் ஒளி வரும். அதைவிடப் பெரிய தடை, உறங்கும் கிருமி. அது சுவர் கட்டுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டு உயிரோடு காத்திருக்கும். இருட்டாகத் தெரிவதால் அது செத்ததாகாது. நோய் மறுபடி தலைதூக்குவதற்கு இத்தகைய கிருமிகள்தான் காரணம் என்று கருதப்படுவதால், இருட்டைக் கண்டு மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. ஆய்வகத்தில் இதன் மதிப்பு வேறு: ஒரு மருந்தைக் கொடுத்த பிறகு முனைகளில் ஒளி மங்குகிறதா, எவ்வளவு நேரத்தில் மங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.