வெயில் ஊரில் வீட்டை அமைப்பது எப்படி?

மதுரைக்குத் தெற்கே, விமான நிலையத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது அவனியாபுரம். தை முதல் நாள் நடைபெறும் ஜல்லிக்கட்டினால் பெயர் பெற்ற ஊர். தனி நகராட்சியாக இருந்த இவ்வூர் 2011-ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. வயலும் கண்மாயுமாகக் கிடந்த பக்கங்களில் மனைகள் போடப்பட்டு, ஒன்றரை சென்ட், இரண்டு சென்ட் நிலங்களில் வங்கிக் கடன் வாங்கிக் கட்டிய காங்கிரீட் வீடுகள் எழுந்திருக்கின்றன. ஒரு சென்ட் என்பது 435 சதுர அடியும் சொச்சமும்தான்.

இத்தகைய வீட்டைக் கட்டி முடித்த பின் கையில் மிஞ்சுவது சொற்பப் பணம். அதை எதில் செலவிடுவது? மகன், ‘பால்ஸ் சீலிங்’ போட்டு வண்ண விளக்கு எரிய வேண்டும் என்பான். மருமகளுக்குக் கதவு போட்ட அடுக்களை அலமாரி மீது ஆசை. வீட்டுப் பெரியவர் ஒன்றும் கேட்பதில்லை. ராத்திரி கண்ணயர்ந்தால் போதும் என்பது அவர் கட்சி. உண்மையில் முதலில் கவனிக்க வேண்டியது பெரியவருடைய கட்சியைத்தான்.

மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. ஆகையால் ஏப்ரல் நடுவில் ஒரு முறையும், ஆகஸ்டு கடைசியில் ஒரு முறையும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறான். சித்திரை, வைகாசியில் வெயிலை அதிகம் வாங்குவது சுவர்கள் அல்ல, மொட்டை மாடியே. பகலெல்லாம் குடித்த சூட்டைக் காங்கிரீட் தளம் இரவில் கீழே கக்குகிறது. மணி பதினொன்றானாலும் மின்விசிறி அனல் காற்றையே வாரி இறைப்பதன் காரணம் இதுதான்.

முன்னோர் இதற்கு வழி கண்டிருந்தார்கள். செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு, தளத்தின் மேல் போட்டு நாட்கணக்கில் தட்டுவார்கள். அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். வெயிலுக்கும் மழைக்கும் அது ஒரு கவசம். இன்று அவ்வளவு பொறுமை யாருக்கும் இல்லை. வெள்ளை நிறக் ‘கூலிங் டைல்ஸ்’ பதிக்கலாம். அதுவும் முடியாதவர்கள், கோடை பிறக்குமுன் மாடித் தரைக்குப் பசை கலந்த வெள்ளைச் சுண்ணாம்பை இரண்டு கை அடித்தாலே உள்ளே சூடு குறைவது தெரியும். தெலங்கானா அரசு 2023-இல் இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்து, கூரைகளைக் குளிர்விக்க முற்பட்டிருக்கிறது. பால்ஸ் சீலிங்கும் சூட்டைச் சற்றுத் தடுக்கும்தான். ஆனால் ஒன்பதடி உயர அறையில் முக்கால் அடியை அது விழுங்கிவிட்டால், மின்விசிறி தலைக்கு மேல் வந்து தொங்கும். ஆக, மாடிக்குச் செலவு செய்த பின்பே உட்கூரைக்கு வர வேண்டும்.

அடுத்த எதிரி மேற்குச் சுவர். பிற்பகல் வெயில் முழுவதும் அதன் மீது விழுகிறது. ஆனால் ஆடி மாதத்தில் வீசும் மேலக்காற்றும் அதே திசையிலிருந்துதான் வருகிறது, கூடவே புழுதியும்! சுவரை மூடினால் காற்றுப் போச்சு, திறந்தால் வெயில் வந்தது என்ற இக்கட்டு இது. மேற்கே சிறிய ஜன்னலை உயரத்தில் வைத்து, அகலமான வெயில்தடுப்பும் அமைத்து, எதிர்ச்சுவரில் பெரிய ஜன்னலைத் திறந்து வைப்பது நல்லது. வந்த காற்று வெளியேற வழி இருந்தால்தான் காற்று உள்ளே வரும். படுக்கையறை மேற்கே அமைந்துவிட்டால் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாமல், பீரோவையும் புத்தக அலமாரியையும் அங்கே நிறுத்தலாம். சுவரின் சூட்டை அவை தாங்கிக்கொள்ளும்.

காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வீடுகளின் முற்றத்தைப் பார்த்து ஏங்குபவர்கள் உண்டு. ஒன்றரை சென்டில் முற்றத்துக்கு எங்கே போவது? படிக்கட்டுக் கூண்டு இருக்கிறதே! மாடிக்கு ஏறும் அந்தக் கூண்டின் உச்சியில் வலை அடித்த ஜன்னல் ஒன்று வைத்து, மாலையில் திறந்துவிட்டால், மேலே எழும் சூடான காற்று அதன் வழியே போய்விடும். முற்றம் செய்த வேலையில் பாதியையாவது இது செய்யும். வெள்ளக்கல் பக்கத்தில் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் இருப்பதால், ஈக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னலையே திறக்காமல் வாழ்கிறவர்கள், எல்லா ஜன்னலுக்கும் வலை அடிப்பதை அலங்காரத்துக்கு முன்னதாகவே முடித்துவிடுவது உத்தமம்.

பட்டாசாலைக்கு வருவோம். கடைக்காரர் காட்டும் பெரிய சோபா, பத்தடி அறையில் பாதியை அடைத்துக்கொள்ளும். ஜல்லிக்கட்டு நாளில் உறவு முறையெல்லாம் வந்து இறங்கும் ஊரில், பாய் விரிக்க இடமில்லாத கூடம் எதற்கு? சுவரோரமாக ஒரு நீள பெஞ்சு, உள்ளே சாமான் வைக்கும்படி பெட்டியாகச் செய்தால் போதும். நான்கு மடக்கு நாற்காலிகளும், சுருட்டி வைத்த பத்தமடைப் பாய்களும் இருந்தால் பகலில் கூடம், இரவில் பத்துப் பேர் படுக்கும் அறை. தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்தால் வெறுங்காலுக்குக் குளிர்ச்சி. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சூளையில் சுடாமல் நீரில் ஊற வைத்துச் செய்யும் கைவேலை அது. செலவு கட்டுப்படியாகாவிட்டால் காவித் தரையே போதும்.

அடுக்களையில்தான் அழகு ஆபத்தாக முடிகிறது. மேடைக்குக் கீழே பளபளப்பான கதவு போட்டு, உள்ளே கேஸ் சிலிண்டரை வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது; தரையோடு தேங்கி நிற்கும். மூடிய அலமாரிக்குள் தேங்கினால் ஒரு பொறி போதும். கதவு வேண்டுமென்றால் அடியிலும் மேலும் காற்றுத் துளைகள் விட வேண்டும். வீட்டுக்கு வெளியே தனிக் கூண்டில் சிலிண்டரை நிறுத்தி, முறையாகக் குழாய் இழுப்பது இன்னும் நல்லது. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். புகை போக்கும் விசிறியை அடுப்புக்கு மேலே வெளிச்சுவரில் பொருத்தினால், அடுப்படியில் நிற்பவருக்கு வேர்வையும் நெடியும் குறையும். அஞ்சறைப் பெட்டியும் அன்றாடப் பாத்திரமும் கைக்கெட்டும் உயரத்தில் திறந்த தட்டில் இருக்கட்டும். பண்டிகைக்கு எடுக்கும் அண்டாவுக்குப் பரண் உண்டு.

பூஜைக்கென்று தனி அறை எல்லோராலும் ஒதுக்க இயலாது. கூடத்துச் சுவரில் ஒரு மாடம் போதும். விளக்கருகே திரைச்சீலை மட்டும் தொங்கக் கூடாது.

ஜன்னல் திரைக்கு வெளியூர்த் துணி தேட வேண்டியதில்லை. நைந்துபோன சுங்குடிச் சேலைகள் மதுரை வீடுகளில் ஏராளம். பருத்தியானதால் வெளிச்சத்தைப் பதமாக வடிகட்டும். கரையை அடியில் வரும்படி வைத்துத் தைத்தால், கடைத் திரைகள் அதற்கு ஈடாகா. ஜன்னலோரம் நிழலில் ஒரு மானாமதுரை மண்பானை இருந்தால் குடிக்கக் குளிர்ந்த நீரும் ஆயிற்று.

குளியலறையைப் பலர் கடைசியில் மிஞ்சும் பணத்தில் முடிக்கிறார்கள். கூடத்துக்குப் போட்டு மீந்த வழவழப்பு ஓட்டையே அங்கேயும் பதித்துவிடுகிறார்கள். ஈரம் பட்டால் அது எண்ணெய் போல வழுக்கும்; வயதானவர் இடுப்பெலும்பு முறிய ஒரு நொடி போதும். சொரசொரப்பான ஓடு, கழிப்பிடத்துக்குப் பக்கத்தில் சுவரில் பதித்த ஒரு கைப்பிடிக் கம்பி, கூடத்தைவிடத் தாழாமல் எரியும் விளக்கு, இவை போதும். கதவு மட்டும் வெளிப்பக்கம் திறக்கும்படி இருக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும். தச்சர் நிலை வைக்கும் அன்றே இதைச் சொல்லிவிட்டால் கூடுதல் செலவு ஒரு காசும் இல்லை.