காத்திருக்கத் தெரிந்த நிரல்

நண்பரின் விதைக் கடைக்காகப் பைத்தானில் நான் எழுதிக் கொடுத்த முதல் நிரல் சின்னதுதான். மேலே தேடும் கட்டம், நடுவில் சரக்குப் பட்டியல், ஓரத்தில் 'புதுப்பி' என்று ஒரு பொத்தான். வீட்டில் சோதித்தபோது நன்றாகவே ஓடியது. கடைக்குப் போய், மூன்று வருடக் கணக்கு இருந்த எக்செல் கோப்பைக் கொடுத்துப் பொத்தானை அழுத்தியதும் சாளரம் வெளிறிப் போனது. தலைப்புப் பட்டையில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்தது. கெட்டுப் போய்விட்டது என்று நினைத்து நண்பர் மூடிவிட்டார். நிரல் கெடவில்லை, கோப்பைத்தான் படித்துக்கொண்டிருந்தது.

மேசைக் கணினிக்குப் பைத்தானில் நிரல் எழுத வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "டிகின்டரா, கியூட்டியா, எது நல்லது?" என்றுதான். அதற்குப் பதில் சொல்லுமுன், அந்தச் சாளரம் ஏன் உறைந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. எந்தக் கருவியை எடுத்தாலும் அந்தச் சிக்கல் கூடவே வரும்.

சாதாரண நிரல் மேலிருந்து கீழே ஓடி முடிந்துவிடும். சாளரம் உள்ள நிரல், பொத்தான்களையும் கட்டங்களையும் அடுக்கி வைத்துவிட்டு 'மெயின்லூப்' என்ற சுழற்சிக்குள் போய் உட்கார்ந்துவிடும். சுட்டி நகர்ந்தது, விசை அழுந்தியது, சாளரத்தை மறுபடி வரைய வேண்டும் என்று ஒவ்வொன்றும் வரிசையில் வந்து நிற்கும். ஒன்றை எடுத்து, அதற்கென நாம் எழுதி வைத்த வேலையைச் செய்து முடித்த பிறகே அடுத்ததை எடுக்கும். ஒரே ஆள் உட்கார்ந்திருக்கும் தபால் ஆபீஸ் கவுன்டர் இப்படித்தான் இருக்கும். முன்னால் நிற்பவர் நூறு பதிவுத் தபால்களைக் கொண்டுவந்திருந்தால், பின்னால் ஒரே ஒரு ஸ்டாம்பு வாங்க வந்தவரும் நிற்க வேண்டியதுதான். என் 'புதுப்பி' பொத்தான் அந்த நூறு தபால்கள். கோப்பைப் படித்து முடிக்கும்வரை சாளரத்தை வரையக்கூட ஆள் இல்லை. 5 விநாடி போல ஒரு சாளரம் வரிசையைக் கவனிக்காமல் இருந்தால், அது பதில் தரவில்லை என்று விண்டோஸ் முடிவுகட்டிவிடும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. வேலையைத் துண்டு போடலாம். டிகின்டரில் 'ஆஃப்டர்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. 200 வரி படித்துவிட்டு, "10 மில்லி விநாடி கழித்து என்னை மறுபடி கூப்பிடு" என்று சொல்லி வெளியே வந்துவிடலாம். அந்த இடைவெளியில் மற்ற வேலைகள் நடக்கும். இன்னொரு வழி, படிக்கும் வேலையை ஒரு திரெட்டிடம், அதாவது அதே நிரலுக்குள் பக்கத்திலேயே தனியாக ஓடும் இன்னொரு ஆளிடம், கொடுப்பது. இதில் ஒரு விதியை மீறவே கூடாது: அந்தத் திரெட் சாளரத்தில் கை வைக்கக் கூடாது. படித்ததை ஒரு கியூவில் போட்டுவிட வேண்டும்; மெயின்லூப் பக்கம் இருப்பவர் எடுத்துக் காட்டிக்கொள்வார். கியூட்டியில் இதற்கு 'சிக்னல்' என்ற ஏற்பாடு கூடவே வருகிறது. விதியை மீறினால் நிரல் உடனே விழாது. பத்து நாள் ஒழுங்காக ஓடி, பதினோராம் நாள் காரணம் தெரியாமல் விழும். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி கருவிகள். டிகின்டருக்கு வேர் பெர்க்லியில் இருக்கிறது. அங்கே ஜான் ஆஸ்டர்ஹவுட் 1980களின் கடைசியில் டிக்கிள் என்ற மொழியை உருவாக்கினார். அதற்குத் துணையாக வந்த டிகே என்ற சாளரக் கருவியைப் பைத்தான் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பைத்தானோடு வரும் ஐடில் என்ற எழுதுகருவி இதில்தான் செய்யப்பட்டது. பெரும்பாலும் எதையும் தனியாக நிறுவ வேண்டியதில்லை. தோற்றம் பழசாக இருக்கிறது என்பவர்கள் அதற்குள்ளேயே இருக்கும் டிடிகேயை எடுத்துக்கொள்ளட்டும். பொத்தான்களை அடுக்க 'பேக்', 'கிரிட்' என்று இரண்டு முறை உண்டு. ஒரே சட்டத்துக்குள் இரண்டையும் கலக்காதீர்கள். முன்பெல்லாம் இரண்டும் இடத்துக்காக ஓயாமல் இழுபறி போட்டு நிரலே நின்றுவிடும். இப்போது பிழை என்று சொல்லிவிடுகிறது. முதல் நிரல் எழுதுகிறவருக்கு நான் டிகின்டரைத்தான் கொடுப்பேன்.

அதை விட்டு நான் வெளியே வந்ததற்குக் கொத்தமல்லி காரணம். நண்பரின் கிடங்கில் இருந்த கணினி லினக்ஸ். அங்கே டிகேயின் 8.6 பதிப்பில் 'கொத்தமல்லி' என்பதில் ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. யூனிகோடில் ககரம் முதலில், கொம்பும் காலும் சேர்ந்த குறி அடுத்து என்றுதான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது எழுத்தை வரையும் மென்பொருளின் பொறுப்பு. லினக்ஸில் அந்த டிகே அதைச் செய்வதில்லை. கியூட்டி செய்கிறது, உள்ளே ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தமைப்பு நிரலை வைத்திருக்கிறது. இன்னொன்றையும் அன்று கவனித்தேன். கொத்தமல்லியில் நாம் எண்ணினால் 6 எழுத்து. புள்ளியையும் துணைக்குறிகளையும் தனித்தனியாக எண்ணும் பைத்தானின் 'லென்' 10 என்கிறது. இடைவெளிகளை எண்ணிப் பத்தியை நேராக்க முயன்றால் தமிழ்ப் பெயர்கள் கோணிக்கொள்ளும். அந்த வேலையை அட்டவணையிடமே விட்டுவிடுங்கள்.

கியூட்டி நார்வேயில் பிறந்தது, 1995இல் வெளிவந்தது. சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதப்பட்ட இதைப் பைத்தானிலிருந்து அழைக்க பைகியூட்டி, பைசைடு என்று இரண்டு பாலங்கள் உண்டு. கட்டளைகள் ஏறக்குறைய ஒன்றே, உரிமத்தில்தான் வேறுபாடு. பைகியூட்டியில் எழுதியதை மற்றவருக்குக் கொடுத்தால், ஜிபிஎல் உரிமப்படி மூலநிரலையும் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வணிக உரிமம் வாங்க வேண்டும். நோக்கியா 2009இல் தொடங்கிய பைசைடு எல்ஜிபிஎல். விற்பனைக்கு எழுதுகிறவருக்கு இது இளக்கமானது. மின்னூல்களை அடுக்கிவைக்கும் காலிபர், மனப்பாடம் செய்ய உதவும் ஆங்கி இரண்டும் பைகியூட்டியில் ஓடுபவை. எனக்குக் கியூட்டியில் மிகவும் பிடித்தது அதன் அட்டவணை. ஆயிரக்கணக்கான வரிகள் இருந்தாலும், திரையில் தெரியும் வரிகளுக்கு மட்டும் "இந்தக் கட்டத்தில் என்ன?" என்று கேட்டு வாங்கிக் காட்டும். டிகின்டரின் பட்டியலிலோ அத்தனை வரியையும் முன்கூட்டியே போட்டாக வேண்டும். டபிள்யூஎக்ஸ்பைத்தான் அந்தந்த இயங்குதளத்தின் சொந்தப் பொத்தான்களையே காட்டும். தொடுதிரைக்குக் கிவி இருக்கிறது. கடைக் கணக்குக்கு இரண்டும் எனக்குத் தேவைப்படவில்லை.

எக்செல் கோப்பையே நம்பியிருந்ததும் என் தவறு. பைத்தானோடு வரும் எஸ்கியூலைட்டில் தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு. சர்வர் வேண்டாம், பென்டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளலாம். விலையைப் பைசாவில் முழு எண்ணாக வைத்தால், தசமக் கணக்கில் வரும் சின்னச் சின்னப் பிசகுகள் வராது. திரெட் பயன்படுத்துகிறவர்கள் தரவுத்தள இணைப்பை அந்தத் திரெட்டுக்குள்ளேயே திறக்க வேண்டும். வேறிடத்தில் திறந்ததை எடுத்துப் பயன்படுத்தினால் பைத்தான் மறுத்துவிடும்.

கடைக் கணினியில் பைத்தான் இருக்காது. பைஇன்ஸ்டாலர் நிரலையும் பைத்தானையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும். விண்டோஸுக்கான பொட்டலத்தை விண்டோஸில்தான் கட்ட முடியும். எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டினால் பார்க்க அழகு. ஆனால் திறக்கும் ஒவ்வொரு தடவையும் தற்காலிக இடத்தில் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் தொடங்கும். பழைய கணினியில் இந்தத் தாமதம் நன்றாகவே தெரியும். நான் கோப்புறையாகக் கட்டி, மேசைத்திரையில் ஒரு குறுக்குவழி வைத்துக் கொடுத்தேன்.

இரண்டாவது தடவை போனபோது அதே மூன்று வருடக் கணக்கைப் புது நிரலுக்குள் ஏற்றினோம். கீழே பச்சைக் கோடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பாதியில் ஒருவர் வந்து வெண்டை விதை கேட்டார். நண்பர் தேடும் கட்டத்தில் 'வெண்' என்று தட்டினார். மூன்று ரகமும் விலையும் வந்து நின்றன. பச்சைக் கோடு நகர்ந்துகொண்டே இருந்தது.