கூர்வாயின் நுண்ணுலகம்

மாந்தர் மயிர், மழிகத்தியின் எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. ஆயினும் நாள்தோறும் அதை மழிக்கும் அலகு சில கிழமைகளில் மழுங்கிப்போகிறது. மெலிந்த பொருள் வலிய பொருளைக் கெடுப்பது எங்ஙனம்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2020-ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டனர். மின்னணு நுண்ணோக்கியின் உள்ளேயே மயிரை அரியச் செய்து, அலகின் வாய் சிதையும் நொடியை நேரில் பார்த்தனர். அங்கே நிகழ்வது தேய்மானம் அன்று. விளிம்பு சிறுசிறு சில்லுகளாகப் பெயர்ந்து விழுகிறது. மயிர் வளைந்து சாய்கையில் அதன் பக்கவோரம் அழுத்தும் புள்ளியில், எஃகின் உள்ளமைப்பு ஒரு சீராக இல்லையேல், விரிசல் பிறக்கிறது.

கத்தி செய்வோரும் சேர்ப்போரும் நெஞ்சில் இருத்தவேண்டிய கண்டுபிடிப்பு இது. கத்தியைக் கையில் எடுப்பவர் முதலில் பார்ப்பது பிடியை: கலைமான் கொம்போ, வயிரமேறிய மரமோ, சாயமேற்றிய எலும்போ. அடுத்துச் செய்தவரின் முத்திரை. அதன்பின் அலகின் மெருகு. சேர்ப்போர் பெரும்பொருள் கொடுப்பதும் பெரும்பாலும் இவற்றுக்கே. இவ்வழகுகளை நானும் மதிக்கிறேன். எனினும் நன்கு தீட்டிய வாயின் நுனி ஒரு மைக்ரான் அகலம்கூட இராது. தலைமயிரின் தடிப்போ 50 முதல் 100 மைக்ரான் வரை. அத்துணை நுண்ணிய வரம்பில் எஃகு எப்படி அமைந்திருக்கிறது என்பதில்தான் கத்தியின் தகுதி அடங்கியிருக்கிறது. தனியொருவர் தம் பட்டறையில் ஆக்கிய கத்தியையும் தொழிற்சாலை ஆயிரக்கணக்கில் செய்யும் கத்தியையும் இந்த ஓர் அளவுகோலால்தான் அளக்கவேண்டும் என்பது என் துணிபு.

இரும்பின் அணுக்கள் குளிர்நிலையில் அடுக்கப்பட்டிருக்கும் முறையில் கரிமத்துக்கு இடமே இல்லை எனலாம். வெம்மை 727 பாகை செல்சியசைக் கடந்ததும் அவ்வடுக்கு குலைந்து வேறோர் அடுக்காக மாறத் தொடங்குகிறது. ஆஸ்டெனைட்டு எனப்படும் இந்நிலையில் நூற்றுக்கு 2 பங்கு வரை கரிமம் இரும்பினுள் கரையும். 770 பாகையில் இரும்பு காந்தத்துக்கு இணங்காமல் போகிறது. சிறுபட்டறைகளில் உலைக்கு அருகே காந்தம் ஒன்று தொங்குவது இக்குறியை அறியவே. இவ்வாறு பழுத்த அலகை எண்ணெயில் அமிழ்த்தினால், கரிமம் வெளியேற நேரமின்றி உள்ளேயே சிறைப்படுகிறது. அடுக்கு திரும்பவும் பழைய நிலைக்குச் செல்ல முயன்று, கரிமம் குறுக்கே நிற்பதால் ஒருபுறம் நீண்டு விறைக்கிறது. அதுவே மார்ட்டன்சைட்டு, எஃகின் கடினத்துக்கு அடிப்படை. வேறு கலப்பில்லாத எளிய கரிம எஃகு ஏறத்தாழ 540 பாகைக்குக் கீழே இறங்க ஒரு நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டால் போதும், மார்ட்டன்சைட்டுக்கு மாறாக மென்மையான பெர்லைட்டு தோன்றிவிடும். நம் கொல்லர் தோய்ச்சல் என்று சொல்லும் அந்த ஒரு கைவினைக்குள் இத்தனையும் நடந்து முடிகிறது.

தோய்ச்சல் பெற்ற அலகு கண்ணாடியை ஒத்த முறிவுத்தன்மை உடையது. அதனை 200 பாகை அளவில் மீண்டும் சூடேற்றிப் பதப்படுத்தினால், சிறிது கடினத்தை இழந்து முறியா வலிமையைப் பெறும். தேய்த்து மினுக்கிய எஃகின்மேல் அப்போது வைக்கோல் மஞ்சள் நிறம் படரும். இன்னும் சூடேறி நீலம் பாய்ந்தால் அவ்விடம் வாய்க்கு ஆகாது. ஆனால் அலகின் முதுகுக்கு மிக ஏற்றது. வாயை மஞ்சளில் நிறுத்தி முதுகை நீலத்துக்குக் கொண்டுசெல்லும் கொல்லர், ஒரே இரும்பில் இரு வேறு குணங்களைப் படைக்கிறார்.

இத்திறனை ஆய்ந்தறிய அமெரிக்கக் கொல்லர் கடுமையான தேர்வு ஒன்றை வைத்திருக்கின்றனர். மேரிலாந்தைச் சேர்ந்த பில் மோரன் என்பார் 1976-இல் நிறுவிய அமெரிக்க அலகுக்கொல்லர் கழகத்தின் தேர்வு அது. தேர்வுக்கு வருபவர் தாமே அடித்துச் செய்த கத்தியால், கட்டின்றித் தொங்கும் ஓர் அங்குலத் தடிப்புள்ள கயிற்றை ஒரே வீச்சில் துணிக்கவேண்டும். பிறகு கட்டுமானத்துக்கு உதவும் மரச்சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்கவேண்டும். அதன்பின்னும் அதே வாய் கைமயிரை மழிக்கவேண்டும். இறுதியாக அலகைப் பிடிப்பானில் இறுக்கி 90 பாகை வளைப்பர், அது முறியலாகாது. மயிரை மழித்தது வாயின் மார்ட்டன்சைட்டு. வளைந்தும் முறியாது நின்றது பதமான முதுகு. தேர்வு முடிகையில் அக்கத்தி பாழாகிவிடும். ஆயினும் ஒருவரின் உலையறிவைச் சொல்லால் அன்றிச் செயலால் மெய்ப்பிக்க இதனினும் நேர்மையான வழியை நான் அறியேன்.

அமெரிக்காவில் தனிக்கைவினைக் கத்திகள் இத்துணைப் பெருகியதற்கு ஒரு வழிமரபு உண்டு. மிச்சிகனில் வில்லியம் ஸ்கேகல் செய்த கத்தி ஒன்றைக் கொண்டு ஒருவர் படகின் அடிப்புறத்தைச் சுரண்டியும் வாய் கெடாதிருந்ததை 1930-களில் போ ராண்டல் கண்டார். வியந்து தாமும் கத்தி செய்யத் தொடங்கினார். ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் அவர் தொடங்கிய பட்டறைக்குப் பெயர் பரவியது. 1950-களில் கப்பல் ஊழியராயிருந்த பாப் லவ்லெஸ் என்னும் இளைஞர் நியூயார்க்குக் கடையொன்றில் ராண்டல் கத்தி கேட்டபோது, மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும் என்றனர். அவர் பழைய பேக்கார்டு மகிழுந்தின் வில்லெஃகை எடுத்துத் தமக்கெனக் கத்தி செய்துகொண்டார். பிற்காலத்தில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் அமர்ந்து அவர் வகுத்த, முதுகு மெல்லத் தாழ்ந்து முனையோடு கூடும் வடிவம் வேட்டைக்கத்திகளின் இலக்கணமாகவே ஆகிவிட்டது. அவருடைய வடிவங்களைவிட அவர் தேர்ந்த எஃகையே நான் பெரிதாகக் கருதுகிறேன். 154சிஎம் என்னும் மாலிப்டினம் சேர்ந்த துருவேறா எஃகை 1970-களின் தொடக்கத்தில் கத்தியுலகுக்குக் கொண்டுவந்தவர் அவர். அடித்துத் தட்டாமல், எஃகுத் தகட்டை அரைத்துக் குறைத்தே வடிவம் தரும் முறையும் அவர் வழியாகவே பரவி நிலைத்தது.

துருவேறா எஃகின் வரலாறு கத்தியோடு ஒட்டிப் பிறந்தது. 1913-இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி அதனை வார்த்தபோது, கத்தித் தொழிலாளர் அதற்குப் பழைய எஃகின் சூட்டையே கொடுத்தனர். வெட்டாத கத்தி என்று எள்ளவும் செய்தனர். குரோமியம் கரிமத்தை இறுகப் பற்றிக் கார்பைடுத் துகள்களாகக் கட்டிவைத்துக்கொள்ளும். அத்துகள்கள் கரைந்து கரிமம் விடுபட ஏறத்தாழ 1,000 பாகையும் அதற்கு மேலும் வேண்டும். அச்சூட்டைக் கொடுக்காத உலையில் எஃகைக் குறைசொல்வது முறையாகாது.

சிக்கலின் வேர் இந்தக் கார்பைடில்தான் இருக்கிறது. கார்பைடு மிகக் கடினமானது. தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். ஆகவே குரோமியமும் கரிமமும் மிகுந்த 440சி போன்ற எஃகுகள் நெடுநாள் வெட்டும் என்று போற்றப்பட்டன. ஆனால் பெரிய வார்ப்பில் எஃகு மெதுவாக உறையும்போது இத்துகள்கள் 20, 30 மைக்ரான் அளவுக்கு வளர்ந்துவிடுகின்றன. ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய வாயில் இவ்வளவு பெரிய துகள் எப்படித் தங்கும்? மெல்லிய பூச்சுச் சாந்தில் பெருஞ்சல்லியைக் கலந்தால் பூச்சு உதிர்வதுபோல், வாயும் துகளோடு சேர்ந்து பெயர்ந்துவிடும். ஒரு சீரில்லாத அமைப்பில் விரிசல் பிறக்கும் என்று மயிராய்வு காட்டியதை இவ்வெஃகுகள் பேரளவில் காட்டுகின்றன.

இவ்விடத்தில் ஒரு தொழிற்சாலையைப் பாராட்டியே ஆகவேண்டும். பக் நிறுவனத்தார் 1964-இல் கொணர்ந்த 110 என்னும் மடக்குக்கத்தி, பித்தளை முகப்பும் மரப்பிடியுமாக உலகெங்கும் அறியப்பட்டது. அதன் அலகு முதலில் 440சி. பின்னர் அவர்கள் 420எச்சி என்னும் மலிவான எஃகுக்கு மாறினர். அதில் கரிமம் நூற்றுக்கு 0.45 பங்கு அளவே, பெருங்கார்பைடுகள் அரிது. சேர்ப்போர் பலர் இதனைத் தாழ்வாகக் கருதினர். ஆனால் பால் பாஸ் என்னும் வெப்பப்பத வல்லுநர் வகுத்த முறைப்படி சூடும் உறைகுளிரும் அளித்ததால் அவ்வெஃகு தன் முழு ஆற்றலையும் எட்டியது. அதன் வாய் எளிதில் தீட்டப்படும், எளிதில் சில்லு பெயராது, துருவும் ஏறாது. விலையுயர்ந்த எஃகைத் தவறான சூட்டில் கெடுத்துப் பெரும்பெயரோடு விற்கும் தனிக்கத்தியைவிட இதனை நான் மேலாக மதிப்பேன்.

கார்பைடைக் குறைத்துச் சிக்கலைத் தவிர்ப்பது ஒரு வழி. அதனை நுண்ணிதாக்குவது மற்றொரு வழி. உருகிய எஃகைத் தாரையாக ஊற்றி, விசையுடன் பாயும் வளியால் அதனைத் துளிகளாகச் சிதறடிப்பர். ஒவ்வொரு துளியும் நொடிப்பொழுதில் உறைந்து பொடியாகிறது. அத்துளிக்குள் கார்பைடு வளர நேரமே இல்லை. அப்பொடியைக் கலத்தில் அடைத்து, சூட்டோடு எல்லாப் பக்கத்திலிருந்தும் பேரழுத்தம் தந்தால் திண்ணிய எஃகு கிடைக்கும். 2001-இல் குரூசிபிள் நிறுவனம் இம்முறையில் எஸ்30வி எஃகை ஆக்கியது. கருவிகளுக்கென உருவான எஃகுகளைக் கடன்வாங்கி வந்த கத்தியுலகுக்கு, கத்தியை எண்ணியே வகுத்த எஃகு வந்து சேர்ந்தது. அதன் ஆக்கத்தில் கைவினைஞர் கிறிஸ் ரீவின் பங்கும் உண்டு. அதில் 4 விழுக்காடு வனேடியம் இருக்கிறது. வனேடியக் கார்பைடு குரோமியக் கார்பைடைவிடக் கடினம், அளவிலோ சிறியது.

2021-இல் வந்த மேக்னாகட் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதனை வகுத்த லாரின் தாமஸ் உலோகவியல் அறிஞர். அவருடைய தந்தை டெவின் தாமஸ் வரிக்கோலமிட்ட எஃகு செய்வதில் பெயர்பெற்றவர். பட்டறையின் வெம்மையும் ஆய்வகத்தின் கணிப்பும் ஒரே வீட்டில் கூடியது எனக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கும் செய்தி. துருவைத் தடுப்பது கரைந்து நிற்கும் குரோமியமே. கார்பைடில் கட்டுண்ட குரோமியத்தால் அதற்குப் பயனில்லை. ஆகவே அவர் குரோமியத்தை 10.7 விழுக்காட்டுக்குக் குறைத்து, வனேடியத்தையும் நையோபியத்தையும் கொண்டு கரிமத்தைப் பற்றச் செய்தார். பதப்படுத்திய பின் குரோமியக் கார்பைடே எஞ்சாத அமைப்பு பிறந்தது. துருவேறும் கருவி எஃகுகளின் முறியா வலிமையும் துருவேறா எஃகின் காப்பும் ஒன்றாய் அமைந்தன.

இதற்கு நேர்மாறான ஓர் எஃகையும் இங்கே சொல்லியாகவேண்டும். அது நம் மண்ணோடு உறவுடையது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கிச் செய்த உயர்கரிம உருக்கு மேலைநாட்டார்க்கு ஊட்ஸ் என அறிமுகமாயிற்று. தென்னார்க்காட்டின் மேல்சிறுவளூரில் அத்தொழிலின் மூசைச் சில்லுகளைத் தொல்லுலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசன் ஆய்ந்து காட்டியிருக்கிறார். இவ்வுருக்கால் அடித்த வாள்களின் மேற்பரப்பில் நீரலைபோல் வரிகள் ஓடும். அவ்வரிகள் கார்பைடுகளே, அணியணியாய் நிரல்பட்டு நிற்பவை. மைக்கேல் ஃபாரடே உள்ளிட்டோர் 19-ஆம் நூற்றாண்டில் இதன் மறையை அறிய முயன்றனர். ஃபுளோரிடாவில் குதிரைக்கு இலாடம் அடித்து வாழ்ந்த ஆல்ஃபிரட் பென்ட்ரேயும், அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்து உலோகவியலர் ஜான் வெர்ஹோவனும் நெடுங்காலம் சேர்ந்துழைத்து அவ்வரிகளை மீண்டும் தோற்றுவித்தனர். 1998-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது: தாதில் தற்செயலாய்க் கலந்திருந்த, 0.01 விழுக்காட்டுக்கும் குறைந்த வனேடியம் போன்ற மாசுகளே கார்பைடை வரிசைப்படுத்தின. எஸ்30வியில் நூற்றுக்கு 4 பங்காக நிற்கும் அதே தனிமம், பழங்கொல்லரின் மூசையில் எவரும் அறியாத அளவில் இருந்து வேலை செய்திருக்கிறது. அத்தகைய தாது தீர்ந்துபோனதும் கலை அழிய ஒரு காரணமாயிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. பில் மோரன் 1973-இல் காட்சிக்கு வைத்து அமெரிக்காவில் புத்துயிரூட்டிய, தமாஸ்கஸ் என்னும் வரிக்கோலக் கத்திகளோ இவற்றின் வேறானவை. இருவகை எஃகை அடுக்கிப் பற்றவைத்து மடித்துச் செய்தவை. வாங்குவோர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

சேர்த்த கத்தியைக் காப்பதிலும் வேதியல் உண்டு. தோலுறையில் கத்தியை வைத்துப் பூட்டாதீர்கள். தோலைப் பதனிட்ட உப்பும் அமிலமும் ஈரத்தை ஈர்த்துப் பித்தளையைப் பச்சையாக்கும், எஃகில் குழிபறிக்கும். பழைய மடக்குக்கத்திகளில் செல்லுலாய்டுப் பிடி உடையவை இன்னும் இடர் மிக்கவை. அப்பொருள் முதுமையில் சிதைந்து நைட்ரசன் ஆக்சைடுகளை உமிழும். அவை காற்றின் ஈரத்தோடு கூடி அமிலமாகும். தன் அலகோடு, அதே பெட்டியில் இருக்கும் மற்றக் கத்திகளையும் அது அரித்துவிடும். ஆகவே அவற்றைத் தனியே, காற்றோட்டமாக வையுங்கள்.

யாவற்றினும் பெரிய கேடு சாணையில் நேர்கிறது. நீரில்லாமல் விரைந்து சுழலும் சக்கரத்தில் வாயை வைத்தால், மெல்லிய நுனி கண்ணிமைப்பில் 200 பாகையைக் கடந்துவிடும். கையால் தொட்டுணர்வது அலகின் சூட்டைத்தான்; நுனியின் சூடு விரலுக்கு எட்டாது. நீலம் தெரிந்தால் பதம் அங்கே போயிற்று, தெரியாமலும் போகும். தொழிற்சாலையில் விரைவாய்த் தீட்டிய புதுக்கத்திகள் சில முதலில் சோர்ந்து வெட்டுவதும், இரண்டு மூன்று முறை நீர்க்கல்லில் தீட்டியபின் தெளிவதும் இதனால்தான். வெந்துபோன அந்த மெல்லிய படலம் கழன்ற பின்னரே அவ்வெஃகைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவேண்டும்.