ஒரே ரிமோட்டும் நான்கு பெட்டிகளும்

கூடத்து மேசையைச் சற்றே பாருங்கள். டி.வி.க்கு ஒரு ரிமோட், செட்-டாப் பெட்டிக்கு ஒன்று, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருக்கு ஒன்று, டிஸ்க் பிளேயருக்கு மற்றொன்று. எதை முதலில் அழுத்துவது, எந்த இன்புட்டுக்கு மாற்றுவது என்ற சூட்சுமம் வீட்டில் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும். பெரும்பாலும் அவர் கல்லூரி மாணவர். விடுமுறை முடிந்து அவர் தில்லிக்கோ காசிக்கோ ரயிலேறிவிட்டால் பாட்டியின் பாடு திண்டாட்டம்தான். படம் வந்தால் ஒலி வராது. ஒலி வந்தால் படம் வராது. இரவு ஒன்பது மணிக்கு விடுதியில் இருக்கும் பேரனுக்குத் தொலைபேசி வரும்.

இதற்கு மருந்தாகக் கடையில் கிடைப்பது, நாமே கட்டளைகளை ஏற்றிக்கொள்ளக்கூடிய யூனிவர்சல் ரிமோட். இதுவொன்றும் புதுச் சரக்கு அன்று. ஆப்பிள் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், 1987-இல் ‘கோர்’ என்ற பெயரில் இத்தகைய ரிமோட் ஒன்றை வெளியிட்டார். வல்லமை மிக்கதுதான், ஆனால் அதை அமைப்பது சாமானியருக்கு எட்டாத வேலையாக இருந்தது. அந்தக் குறை இன்றும் முழுதும் தீர்ந்தபாடில்லை. அதற்கொரு காரணம் உண்டு.

ரிமோட்டின் முனையிலுள்ள சிறு விளக்கு, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை உமிழ்கிறது. கைப்பேசிக் காமிராவின் வழியே பார்த்தால் பல சமயம் அது மினுக்குவதைக் காணலாம். பாட்டரி தீர்ந்துவிட்டதா என்று அறிய எளிய வழி. பரவலாக வழங்கும் என்.ஈ.சி. முறையில் இவ்வொளி நொடிக்கு 38,000 முறை துடிக்கிறது. முதலில் 9 மில்லிநொடி நீளமுள்ள ஓர் அழைப்பு, பிறகு 4.5 மில்லிநொடி மௌனம், அதன் பின் 32 பிட்டுகள். இன்ன கருவிக்கு இன்ன கட்டளை என்பதே அவற்றின் பொருள்.

செய்தி போகிறது, பதில் வருவதில்லை. ரிமோட்டுக்கு வாய் உண்டு, செவி கிடையாது. டி.வி. விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்பதை அது அறியாது. தொல்லையின் வேர் இதுவே.

‘படம் பார்’ என்று ஒரு பொத்தானை அமைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை அழுத்தினால் நான்கு கருவிகளுக்கும் பவர் கட்டளை வரிசையாகப் போகும். ஆனால் பெரும்பாலான ரிமோட்டுகளில் பவர் பொத்தான் ஒன்றுதான்: அணைந்திருந்தால் ஏற்றும், ஏறியிருந்தால் அணைக்கும். யாரோ டி.வி.யை முன்பே போட்டிருந்தால், உங்கள் பொத்தான் மற்ற மூன்றையும் ஏற்றிவிட்டு டி.வி.யை மட்டும் அணைத்துவிடும். மறுபடி அழுத்தினால் எல்லாம் தலைகீழ்!

ஆகவே ‘ஏற்று’ என்பதற்கும் ‘அணை’ என்பதற்கும் தனித்தனிக் கட்டளை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கருவியோடு வந்த ரிமோட்டில் அதற்குப் பொத்தான் இல்லாவிடினும், யூனிவர்சல் ரிமோட்டின் கோடுப் பட்டியலில் சில வேளை கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஒரு தந்திரம் உண்டு. சில டி.வி.க்கள் சேனல் எண்ணை அழுத்தினாலே விழித்துக்கொள்ளும். சில ரிசீவர்கள் இன்புட் பொத்தானுக்கு, சில டிஸ்க் பிளேயர்கள் ‘பிளே’ பொத்தானுக்கு. விழித்திருக்கும் கருவியை அந்தப் பொத்தான் அணைப்பதில்லை. எனவே ஏற்றுவதற்கு அதையே அனுப்புங்கள். அணைப்பதற்கு முதலில் அதை அனுப்பிச் சில நொடி பொறுத்து, பின்னர் பவரை அனுப்புங்கள். முன்பு எந்த நிலையில் இருந்தாலும் கருவி அணைந்தே தீரும்.

இன்புட்டுக்கும் இதே நியாயம். ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் பொத்தானை நம்ப வேண்டாம், ‘எச்.டி.எம்.ஐ. 2’ என்று நேரே தாவும் கட்டளை கிடைத்தால் அதைக் கைக்கொள்ளுங்கள். டி.வி. கண் விழிக்கச் சில நொடிகள் ஆகும். அதற்குள் போகும் கட்டளைகள் வீண். கட்டளைகளுக்கு இடையே நொடிக்கணக்கில் இடைவெளி வைப்பதில் கஞ்சத்தனம் கூடாது.

பட்டியலில் இல்லாத கட்டளையைப் பழைய ரிமோட்டிடமிருந்து கற்பிக்கலாம். இரண்டையும் சில அங்குல இடைவெளியில் எதிரெதிரே வைத்து, வெயில் படாத இடத்தில் ஒவ்வொரு பொத்தானாக அழுத்த வேண்டும். இப்படிக் கற்பித்தால் ஏ.சி.யில் ஒரு வேடிக்கை நேரும். ஏ.சி. ரிமோட் பெரும்பாலும் வெப்பநிலை, விசிறி வேகம் உட்பட முழு நிலையையும் ஒவ்வொரு முறையும் அனுப்புகிறது. 24 பாகையில் கற்பித்த பொத்தான் என்றைக்கும் 24-ஐயே சொல்லும். நமக்கு அது நல்லதே. நம் டி.வி.க்களையும் இப்படிச் செய்திருக்கக் கூடாதா?

இன்னொன்று: புளூடூத்தில் மட்டும் பேசும் ஸ்ட்ரீமிங் கருவிகளுக்கு அகச்சிவப்பு எட்டாது. வாங்குமுன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள். மேலும், பாட்டி பொத்தானை அழுத்திய மறுகணமே ரிமோட்டை மடியில் வைத்துவிடுவார். பின்னே போகும் கட்டளைகள் புடவைத் தலைப்போடு நின்றுவிடும். எல்லாம் முடியும்வரை டி.வி.யை நோக்கிப் பிடிக்கச் சொல்வது ஒரு வழி. கூடத்திலேயே அலமாரிக்கு எதிரே வைத்து, வை-ஃபை வழியாகக் கட்டளை பெற்று அகச்சிவப்பைப் பரப்பும் சிறு பெட்டி இன்னொரு வழி. எனக்குப் பின்னதே உசிதமாகப் படுகிறது.

ஊருக்குப் புறப்படுமுன் சோதனை செய்யுங்கள். நான்கு கருவிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலைகள். ஆக 16 விதமான தொடக்கங்கள். பதினாறிலிருந்தும் ‘படம் பார்’ பொத்தான் சரியாக வேலை செய்ய வேண்டும். பதினைந்து போதும் என்று விட்டால், இரவுத் தொலைபேசி அந்தப் பதினாறாவதைப் பற்றித்தான் வரும். பிறகு, போட்ட கோடுகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். பாட்டரி மாற்றும்போது நினைவை இழக்கும் ரிமோட்டுகளும் உண்டு.