பாண்டிக்குப் போற வழியில ஒரு உப்பு தேசம்!

வீக் எண்ட் வந்தா ஈ.சி.ஆரில் பாண்டிச்சேரிக்குப் பறக்கிற ஆளா நீங்க? அப்போ மரக்காணத்தைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ஸாரி... தாண்டியிருப்பீங்க! சென்னையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். கண்ணுக்கெட்டின வரைக்கும் கண்ணாடி விரிச்ச மாதிரி தண்ணி, வரப்பு மேல வெள்ளை வெள்ளையா குவியல். மொபைலில் ரெண்டு போட்டோ, ஒரு டீ, அப்புறம் ஆக்ஸிலேட்டர். அவ்வளவுதானே?

அந்த உப்பளங்களுக்குப் பக்கத்தில், கடலோரமா ஒரு மீனவர் கிராமம் இருக்கு. பேர் எக்கியார்குப்பம். இன்டர்நெட்டில் இந்தப் பேரைத் தேடினா முன்னால வந்து நிக்கறது 2023 மே மாசத்துச் செய்தி. மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு பத்துக்கும் மேற்பட்டவங்க செத்துப்போன கொடுமை. அந்தத் துக்கம் நிஜம். அதை மறைக்க வேண்டாம். ஆனா, ஒரு ஊரோட விசிட்டிங் கார்டே அதுவாகிடலாமா? இந்தக் கரைக்கு ரெண்டாயிரம் வருஷத்துக் கதை இருக்கு ஃப்ரெண்ட்ஸ். அதுவும் உப்புப் போட்ட கதை!

37 லிட்டருக்கு ஒரு கிலோ

முதல்ல கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பயப்படாதீங்க, அரியர் வைக்கிற அளவுக்கு இல்ல. ஒரு லிட்டர் கடல் தண்ணியில் சோடியம் குளோரைடு சுமார் 27 கிராம். அதாவது, ஒரு கிலோ உப்பு வேணும்னா 37 லிட்டர் தண்ணியை வெயிலும் காத்தும் குடிச்சாகணும்.

அது ஒரே பாத்தியில நடக்கிற வேலை இல்ல. களிமண் தரையை மிதிச்சு மிதிச்சு சிமென்ட் மாதிரி இறுக்கிடறாங்க. தண்ணி ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததுக்கு மெதுவா நகரும். நகர நகர கெட்டிப்படும். அதை அளக்கிற கணக்குக்குப் பேர் 'போமே டிகிரி'. நம்ம லேபில் மிதக்க விடற ஹைட்ரோமீட்டர்தான் கருவி. கடல் தண்ணி சுமார் 3 டிகிரி. வழியிலேயே ஜிப்சம் தனியா படிஞ்சுடும். 25 டிகிரியைத் தொட்டா உப்புப் பூக்க ஆரம்பிக்கும். 29, 30-க்குப் போனா மிச்சத் தண்ணியை வெளியேத்திடணும். இல்லாட்டி மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும்.

இந்தக் கணக்கையெல்லாம் தண்ணியைப் பார்த்தே சொல்லிடற பெரியவங்க உப்பளத்துல உண்டு. நீளக் கைப்பிடி போட்ட பலகையால் உப்பை வாரி ஒதுக்கணும், கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கரை சேர்க்கணும். உச்சி வெயில் மேலே, அதே வெயில் உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். கண்ணு கூசும். உப்புத் தண்ணியில் நின்னு நின்னு காலில் புண்ணு வரும். பிரியாணியில் "உப்பு கம்மி மச்சி"ன்னு நாம சொல்றதுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு.

பாட்டுல வந்த பட்டினம்

சங்க இலக்கியத்தில் பத்துப்பாட்டு தெரியும். அதில் ஒண்ணு சிறுபாணாற்றுப்படை. ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடன்கிட்ட பரிசு வாங்கப் போற பாணனுக்கு வழி சொல்ற பாட்டு. அந்தக் காலத்து ரூட் மேப்! அதில் வர்ற கடற்கரை ஊர் எயிற்பட்டினம். அங்கே போனா பரதவர் வீட்டுல சுட்ட மீன் கிடைக்கும்னு சாப்பாட்டு டிப்ஸ் கூட உண்டு. அந்த எயிற்பட்டினம்தான் இன்னிக்கு மரக்காணம்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. 'எயில்'னா மதில். கிரேக்க மாலுமியோட பயணக் குறிப்பான 'பெரிப்ளஸ்'ல வர்ற 'சோபட்மா' துறைமுகமும் இதுவேன்னு ஒரு கருத்து இருக்கு.

பாட்டை எழுதின நத்தத்தனாரோட ஊர் இடைக்கழிநாடு. மரக்காணத்துக்கு வடக்கே அதே பேரில் இன்னமும் பேரூராட்சியா இருக்கு, பஸ் போர்டுல பாருங்க! உப்பு வியாபாரிகளான உமணர்களும் அந்தப் பாட்டுல வர்றாங்க. கொற்கையைப் பற்றிச் சொல்ற இடத்தில், உமணர் வளர்த்த குரங்கு அவங்க பிள்ளைகளோட சேர்ந்து, சிப்பிக்குள்ள முத்தைப் போட்டு கிலுகிலுப்பை ஆட்டுது. செம சீன்!

சோழர் காலக் கல்வெட்டுகளோட பூமீஸ்வரர் கோயில் மரக்காணத்துக்குள்ளேயே இருக்கு. வெள்ளைக்காரன் காலத்து பக்கிங்ஹாம் கால்வாய், ஆந்திராவிலிருந்து சென்னை வழியா சுமார் 420 கிலோமீட்டர் ஓடி முடியறதும் இங்கேதான். லாரிகள் வர்றதுக்கு முன்னாடி உப்பும் விறகும் படகேறிப் போன ஹைவே அது. பக்கத்திலேயே கழுவேலி. பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. சீஸனில் பூநாரைகள் வந்து இறங்கினா, வெள்ளை உப்புக்கு எதிரே இளஞ்சிவப்புல ஒரு கோடு!

ஜப்பானில் ஒரு பங்காளி

இதே மாதிரி உப்பால் வளர்ந்த கடலோர ஊர் ஜப்பானில் ஒண்ணு இருக்கு. பேர் அக்கோ. ஹியோகோ மாகாணத்தில், செட்டோ உள்நாட்டுக் கடலோரம். 47 சாமுராய்கள் தங்கள் தலைவருக்காகப் பழிவாங்கின கதையை சினிமாவில் பார்த்திருப்பீங்களே? அந்தத் தலைவர் அசானோவோட ஊர்தான் அது. 1701-ல் ஆரம்பிச்ச அந்தத் தகராறுக்கு உப்புதான் காரணம்னு கூட ஒரு கதை உலவுது.

ஜப்பானில் மழை ஜாஸ்தி, காத்துல ஈரம் ஜாஸ்தி. நம்ம மாதிரி வெயிலை மட்டும் நம்பி உப்பு எடுக்க முடியாது. அதனால 17-ம் நூற்றாண்டிலிருந்து அக்கோவில் ஒரு டெக்னிக்: கடல் பொங்கும்போது தண்ணியை வாய்க்காலில் விடுவாங்க. அது மணல் வழியா மேலே ஏறிக் காயும். உப்பு ஒட்டின மணலைச் சுரண்டி, கடல் தண்ணியில் கழுவி, அந்தக் கெட்டித் தண்ணியை அடுப்பில் காய்ச்சணும். பாதி சூரியன், பாதி விறகு! கடைசியில் மிஞ்சற கசப்புத் தண்ணியைக்கூட விடாம டோஃபு உறைய வைக்கப் பயன்படுத்தினாங்க.

1970-களின் தொடக்கத்தில் மெம்பிரேன் டெக்னாலஜி வந்தது. உப்பு வயல்கள் மூடிப்போச்சு. அக்கோ என்ன செஞ்சது தெரியுமா? பழைய உப்பு வயல் இருந்த இடத்தில் பூங்கா, அருங்காட்சியகம், பள்ளிப் பிள்ளைங்க தங்கள் கையாலேயே உப்புக் காய்ச்சிப் பார்க்க ஒரு இடம். உப்பு இனிப்பு கூட ஊரோட ஸ்பெஷல். 2019-ல் ஜப்பான் அரசு அந்த உப்புக் கதைக்கு 'ஜப்பான் பாரம்பரியம்'னு அங்கீகாரமே கொடுத்துடுச்சு.

வயல் போன பிறகும் அங்கே பெருமை மிச்சம். நம்ம ஊரில் வயல் உயிரோட இருக்கு, நாமதான் பைக்கை நிறுத்தறதில்ல.

மழைன்னா லீவு... கூலிக்கும் லீவு!

நமக்கு மழைன்னா காலேஜ் லீவு, ஜாலி. உப்பளத்துக்கு மழைன்னா அடுப்பு அணையற காலம். ஜனவரி வாக்கில் தொடங்கற வேலை, வடகிழக்குப் பருவமழையோட நின்னுடும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் பாத்திகள் குளம்தான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் இந்தப் பக்கம் கரையேறினப்போ, இதே விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. உப்பு கரைய அதில் பத்தில் ஒரு பங்கே போதும்.

வேலையில்லாத இந்த மாசங்களுக்காக 5,000 ரூபாய் நிவாரணம் தர்ற திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் தொடங்கிச்சு. நல்ல ஆரம்பம். ஆனா மூணு மாசத்துக்கு வகுத்துப் பாருங்க... ஒரு நாளைக்கு சுமார் 55 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு! அப்புறம் அந்த வீட்டுப் பிள்ளை பாத்தியில் இறங்காம சென்னைக்கு பஸ் ஏறினா தப்பு சொல்ல முடியுமா?

ஃபைனல் இயர் மக்களே, உங்களைத்தான்!

ப்ராஜெக்ட் டைட்டில் தேடி சீனியர்கிட்ட கெஞ்சறதை விட்டுட்டு இங்கே வாங்க. குஜராத்தின் சின்ன ரண்ணில் உப்பு எடுக்கிற அகரியா மக்கள் டீசல் பம்பை விட்டு சோலார் பம்புக்கு மாறிட்டிருக்காங்க. டீசல் செலவு மிச்சமானா கையில் காசு. அதை நம்ம களிமண்ணுக்கும் நம்ம சீஸனுக்கும் ஏத்த மாதிரி வடிவமைக்கலாம். தலையில் கூடை சுமக்கிற பெண்களுக்கு, வழுக்கற வரப்பில் ஓடற ஒரு லேசான வண்டி. கண்ணுக்கும் காலுக்கும் உப்பு அரிக்காத, மலிவான கண்ணாடி, பூட்ஸ். ரோபோ கார் செஞ்சு காலேஜ் காரிடாரில் ஓட்டறதை விட இதுக்கு மார்க்கும் ஜாஸ்தி, மரியாதையும் ஜாஸ்தி!

போறீங்களா? நோட் பண்ணிக்குங்க

* ஈ.சி.ஆர். வழி பாண்டி பஸ் எதுவானாலும் மரக்காணம் நிறுத்தம் இருக்கான்னு கேட்டு ஏறுங்க. பாண்டியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடலாம்.
* உப்பு வாரறதைப் பார்க்க கோடைதான் சரி. விடிகாலையில் போங்க. பறவைகளுக்கு மழை முடிஞ்ச குளிர்காலம்.
* வழியில் கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1760-ல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடிச்சு இடிச்சது.
* பாத்திக்குள்ள செருப்புக் காலோட இறங்காதீங்க. நாம சாப்பிடற உப்பு அது. போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி, வேலை செய்யறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.