தொட்டியில் வளராத ஆர்க்கிட்

நம்மில் பலர் வீட்டு ஜன்னலோரம் ஆர்க்கிட் வைத்திருக்கிறோம். கடையில் வாங்கியது, தொட்டியில் நன்றாகவே பூக்கிறது. ஆனால் நம் டல்லாஸ் பக்கத்திலேயே, தொட்டிக்கு வரமாட்டேன் என்கிற ஆர்க்கிட்டும் உண்டு. அதன் பெயர் ஹெக்ஸலெக்ட்ரிஸ்.

சுமார் 10 இனங்களே உள்ள சிறிய பேரினம் இது. மெக்சிகோவில்தான் இனங்கள் அதிகம். கிரேக்கத்தில் 'ஹெக்ஸ்' என்றால் ஆறு, 'அலெக்ட்ரியோன்' என்றால் சேவல். பூவின் உதட்டிதழில் சேவல் கொண்டை போன்ற மேடுகள் இருப்பதால், 1825ல் ரஃபினெஸ்க் என்ற தாவரவியலாளர் இப்படிப் பெயரிட்டார்.

நாம் குடியிருக்கும் ரிச்சர்ட்சன் கரிசல் மண். தென்மேற்கே சீடர் ஹில் பக்கம் போனால் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள், ஓக், ஜூனிப்பர் மரங்கள். அங்கே மே முதல் ஜூலை வரை, சருகுக்குள்ளிருந்து இலையே இல்லாத பூந்தண்டு ஒன்று எழும். வெளிர் பழுப்பு இதழில் ஊதாக் கோடுகள் இருந்தால் அது ஸ்பிகேட்டா. பளபளக்கும் செம்பழுப்பு என்றால் நிட்டிடா. இதன் பூக்கள் பலசமயம் திறக்காமலே காய்த்துவிடும். அடர்ந்த சிவப்பு இதழும் நடுவில் வெள்ளையும் மஞ்சளும் தெரிந்தால் வார்னாக்கி. மேற்கு டெக்சாஸ் தாவரங்களை ஆராய்ந்த பார்ட்டன் வார்னாக்கின் பெயரை 1943ல் இதற்குச் சூட்டினார்கள்.

இலையில்லை, பச்சையமில்லை, சாப்பாட்டுக்கு என்ன வழி? மரத்தின் மேல் வளரும் ஆர்க்கிட்டைப் புல்லுருவி என்று சிலர் நினைப்பார்கள். அது தவறு, அவை மரத்தில் தொற்றி நிற்கின்றனவே தவிர, அதன் சாற்றை உறிஞ்சுவதில்லை. ஹெக்ஸலெக்ட்ரிஸ்தான் பிறர் உழைப்பில் வாழ்வது! மர வேர்களோடு கூட்டு வாழ்க்கை நடத்தும் பூஞ்சைகளிடமிருந்து அது உணவு பெறுகிறது. மரம் இலையில் சமைத்தது, பூஞ்சை வழியாக ஆர்க்கிட்டுக்கு வந்து சேர்கிறது.

ஆகவே தோண்டி எடுத்து வந்தால் பிழைக்காது. கிழங்கு வரும், மரமும் பூஞ்சையும் கூட வராது. அந்த மரங்களை வெட்டி வீடு கட்டினாலும் இதே கதிதான். நகரம் வளர வளர, இவற்றுக்கு மிஞ்சுவது சீடர் ரிட்ஜ் போன்ற காப்பிடங்களே.

மழையைப் பொறுத்துச் சில ஆண்டுகள் இவை தலைகாட்டுவதேயில்லை. அடுத்த ஜூனில் குழந்தைகளோடு போய்ப் பாருங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். சருகுக்குள் அடுத்த தண்டு முளைத்துக்கொண்டிருக்கலாம்.