மோசேக்குக் கொம்பு முளைத்த கதை!

பெங்களூர் காக்ஸ் டவுனில் தமிழ்க் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள். ஒரே தீர்க்கதரிசிக்கு இங்கே மூன்று பெயர்கள் உண்டு. சி.எஸ்.ஐ. சபையாருக்கு அவர் மோசே. முஸ்லிம்களுக்கு மூசா நபி. பழைய கத்தோலிக்க வேதப் புத்தகத்தில் அவர் மோயீசன். 1995-ல் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வந்த பிறகு அவர்களுக்கும் மோசே ஆனார்.

பெயரைப் போலவே அவரது உருவமும் காலத்துக்குக் காலம் மாறியே வந்திருக்கிறது.

தாடியில்லாத வாலிபர்

ரோமாபுரியில் ஆதிக் கிறிஸ்தவர்களின் நிலத்தடிக் கல்லறைகளில் உள்ள சித்திரங்களில், கோலால் பாறையை அடித்துத் தண்ணீர் வரவழைக்கும் மோசே பெரும்பாலும் தாடியில்லாத வாலிபர். துன்பப்பட்ட மக்களுக்குத் தாகம் தீர்ப்பவரே தேவைப்பட்டார்.

கொம்பு வந்தது எப்படி?

சீனாய் மலையிலிருந்து இறங்கியபோது மோசேயின் முகம் பிரகாசித்தது என்கிறது யாத்திராகமம். எபிரேய மொழியில் 'பிரகாசித்தது' என்ற சொல்லுக்கும் 'கொம்பு' என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றே. கி.பி. 400-ஐ ஒட்டி லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம், கொம்பு என்ற பொருளையே எடுத்துக்கொண்டார். கொம்பு வலிமைக்கு அடையாளம் என்பதால் தெரிந்தே அப்படி எழுதினார் என்று சொல்வாரும் உண்டு.

11-ம் நூற்றாண்டு முதல் ஓவியர்கள் மோசேக்குக் கொம்பு வைத்தார்கள். போப் இரண்டாம் ஜூலியஸின் கல்லறைக்காக மைக்கேலாஞ்சலோ செதுக்கிய பளிங்குச் சிலைக்கும் இரண்டு கொம்புகள்! 1914-ல் அச்சிலையை ஆராய்ந்த பிராய்டு, அவர் கோபத்தில் கற்பலகையை உடைக்கப் போகிறவர் அல்லர், கோபத்தை அடக்கிக்கொண்டவர் என்றார். 1956-ல் 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படத்தில் சார்ல்டன் ஹெஸ்டன், தாடியும் கோலுமாக மோசேயைத் திரைக்குக் கொண்டுவந்தார்.

அடிமைகளின் தலைவர்

அமெரிக்கக் கறுப்பின அடிமைகளுக்கோ மோசே சட்டம் தந்தவர் மட்டுமல்லர், விலங்கை உடைத்தவர். அடிமைகள் பலரைத் தப்புவித்த ஹாரியட் டப்மன் என்ற பெண்மணியை 'மோசே' என்றே அழைத்தார்கள்.

அந்தச் சிந்தனை காக்ஸ் டவுனுக்குப் பக்கத்திலும் எழுந்தது. மில்லர்ஸ் ரோட்டிலுள்ள ஐக்கிய இறையியல் கல்லூரியில் 1981-ல் அரவிந்த் பி. நிர்மல் ஆற்றிய உரையே தலித் இறையியலின் தொடக்கம் என்று கருதப்படுகிறது.

பின்னர் அவர் எடுத்துக்காட்டியது உபாகமம் 26-ம் அதிகாரம். முதல் விளைச்சலைப் படைக்கும்போது ஒவ்வொருவரும் சொல்லும்படி மோசே கற்பித்த அறிக்கை அது. 'எங்கள் மூதாதை ஊர் ஊராய் அலைந்தவன், எகிப்தில் எங்களை ஒடுக்கினார்கள், நாங்கள் முறையிட்டோம், ஆண்டவர் மீட்டார்' என்பது அதன் சாரம். பாலும் தேனும் ஓடும் நிலம் அதில் கடைசியில்தான் வருகிறது. முதலில் விடுதலை, அதாவது மனிதன் மனிதனாக மதிக்கப்படுவது என்று நிர்மல் விளக்கினார்.

பிழைப்புக்காகச் சொந்த மண்ணை விட்டு வந்தவர்களுக்கு இந்த அறிக்கை புதிதல்ல. எகிப்தில் செங்கல் அறுத்தவர்கள் கேட்டதும் அதுதான். இன்று கட்டடத்துக்குச் செங்கல் சுமப்பவர் கேட்பதும் அதுதான். கூலி வேண்டும், கூலியோடு மரியாதையும் வேண்டும்.